எட்டு நொடியில் டிராலியை எங்கே வைப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் மகளுக்கு 21 வயது. ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். சிங்கப்பூர் விமானம் நடுவானில் குலுங்கி ஒருவர் இறந்துபோன செய்தியைப் பார்த்த நாளிலிருந்து என் மனைவி இந்த வேலையே வேண்டாம் என்கிறாள். உண்மையில் இதில் எவ்வளவு ஆபத்து? என்ன மாதிரி அடிபடும்? போகச் சொல்லலாமா?"

நான் பதினோரு வருடம் இந்த வேலையில் பறந்தவள். அதன்பிறகு புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆபத்து அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. விமானம் விழுந்துவிடுமோ என்பதுதான் எல்லா அம்மாக்களுக்கும் முதலில் தோன்றும். என் அம்மாவும் நான் பறக்கும் நாளெல்லாம் விளக்கேற்றிவிட்டுத்தான் படுப்பார். நான் பறந்த விமானம் எதுவும் விழவில்லை. ஆனால் இன்றைக்கும் மழை வந்தால் என் இடது தோள் வலிக்கிறது. என்னோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்த ஒருத்திக்குக் கணுக்காலில் கம்பி வைத்திருக்கிறது. இன்னொருத்தி முதுகு வலியால் ஏழாவது வருடமே வேலையை விட்டாள். மூன்று பேருக்கும் அடிபட்டது விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய நாட்களில்தான். எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாங்கள் நிற்கிறோம். இந்த வேலையில் படும் அடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

நீங்கள் சொன்ன சிங்கப்பூர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்கியூ 321, போயிங் 777. 211 பயணிகள், 18 பணியாளர்கள். கிளம்பிச் சுமார் பத்து மணி நேரம் கழித்து, மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில், காலைச் சிற்றுண்டி பரிமாறும் வேளையில் அது நடந்தது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். விமானம் பாங்காக்கில் இறங்கியது. அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு முதுகெலும்புப் பகுதியில் அடி.

சிங்கப்பூரின் விசாரணை அமைப்பு விமானத்தின் பதிவுக் கருவிகளைப் படித்து முதற்கட்ட விவரம் வெளியிட்டது. பயிற்சி வகுப்பில் நான் அதை நொடி நொடியாகப் பலகையில் எழுதிக் காட்டுவேன். முதலில் 19 நொடி இலேசான அதிர்வு. ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல, பழகியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அதற்கு நடுவில், சீட் பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொல்லும் குரல் பதிவாகியிருக்கிறது. அந்தக் குரலிலிருந்து எட்டே நொடி. அப்புறம் 0.6 நொடிக்குள் விமானத்தின் செங்குத்து விசை பிளஸ் 1.35 ஜியிலிருந்து மைனஸ் 1.5 ஜிக்குப் போனது. தரையில் நிற்கும்போது நாம் உணரும் எடைதான் 1 ஜி. எளிமையாகச் சொன்னால், விமானம் சட்டென்று கீழே இழுக்கப்படுகிறது. பெல்ட் போடாதவர் இருந்த உயரத்திலேயே இருக்க, கூரை வந்து அவர் தலையில் இறங்குகிறது. அடுத்த நான்கு நொடியில் விசை மறுபடி பிளஸ் 1.5 ஜி ஆனது. கூரையில் மோதியவர்கள் எல்லோரும் தரையிலும் கைப்பிடிகளிலும் வந்து விழுந்தார்கள். மொத்தத்தில் விமானம் இறங்கியது 178 அடிதான், 4.6 நொடியில். செய்திகளில் ஆறாயிரம் அடி விழுந்தது என்றெல்லாம் வந்தது. அது விமானிகள் பின்னால் திட்டமிட்டு இறக்கிய உயரம். மனிதர்களை உடைத்தது அந்த 178 அடி.

இப்போது அந்த எட்டு நொடியை யோசித்துப் பாருங்கள். பயணிக்கு எட்டு நொடி போதும். பெல்ட்டின் இரண்டு முனையையும் பிடித்து மாட்ட மூன்று நொடி கூட ஆகாது. நடைபாதையின் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு எட்டு நொடியில் என்ன முடியும்? அவள் கையில் கொதிக்கும் காபிக் குடுவை. முன்னால் உணவு நிரம்பிய டிராலி. நிரம்பியிருந்தால் அது நூறு கிலோவைத் தொடும். அதன் பிரேக்கை மிதித்தால் உருளாது, அவ்வளவுதான். மேலே தூக்கி எறியப்படுவதை எந்த பிரேக்கும் தடுக்காது. அதைத் தள்ளிக்கொண்டுபோய் அடுக்களையில் அதன் கூட்டுக்குள் நுழைத்துத் தாழ்ப்பாள் போட்டால்தான் அது பத்திரம். பதினைந்து வரிசை தள்ளி இருக்கும் அடுக்களைக்கு எட்டு நொடியில் போக முடியாது. அதனால்தான் நாங்கள் பயிற்சியில் வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கிறோம்: சூடான குடுவையைத் தரையில் வை, டிராலியின் பிரேக்கை மிதி, பக்கத்தில் காலி இருக்கை இருந்தால் உட்கார், இல்லாவிட்டால் நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்து இருக்கையின் உலோகக் காலைப் பிடித்துக்கொள். பயணியின் மடியில் உட்கார வேண்டி வந்தாலும் உட்கார், வெட்கப்படாதே. புதிதாக வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது முறை சிரிக்க விடமாட்டேன்.

இது ஒரு விமானத்தின் கதை மட்டும் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2009 முதல் 2022 வரை டர்புலன்ஸால், அதாவது வானில் வரும் காற்றுக் கொந்தளிப்பால், படுகாயம் அடைந்தவர்கள் 163 பேர் என்று கணக்கிட்டது. அதில் பயணிகள் 34. மீதி 129 பேர் பணியாளர்கள். ஒரு விமானத்தில் 180 பயணிகளும் நான்கைந்து பணியாளர்களும் இருப்பார்கள். அப்படி இருந்தும் ஐந்து படுகாயங்களில் கிட்டத்தட்ட நான்கு பணியாளர்களுக்கு. அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-இல் இதைத் தனியாக ஆராய்ந்தது. அடிபட்டவர்களில் அதிகம் பேர் விமானத்தின் பின்பகுதியில் இருந்தவர்கள். அதற்குக் காரணம் உண்டு. விமானம் அதன் எடை மையத்தைச் சுற்றித்தான் மூக்கைத் தூக்கி இறக்குகிறது. மையத்திலிருந்து தூரம் போகப் போக ஆட்டம் அதிகம், சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்தவரைப் போல. எங்கள் பெரிய அடுக்களை இருப்பது பெரும்பாலும் அங்கேதான், வாலுக்குப் பக்கத்தில்.

இன்னொன்றையும் அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டும். 'படுகாயம்' என்ற சொல்லுக்கு உலக விமானத் துறையில் ஒரு வரையறை இருக்கிறது: 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும், அல்லது எலும்பு முறிந்திருக்க வேண்டும், அல்லது உள்ளுறுப்பு சேதம், பெரிய தீக்காயம் போன்றவை இருக்க வேண்டும். விரல் எலும்பும் மூக்கெலும்பும் சாதாரணமாக முறிந்தால்கூட இதில் சேராது. முதுகுத் தசை பிசகி ஆறு மாதம் குனிய முடியாமல் போனாலும் அது பெரும்பாலும் படுகாயக் கணக்கில் வராது. எங்கள் வேலையில் ஆளை முடக்குகிற காயங்களில் பாதி இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது என்பது என் அனுபவம். எண்ணிக்கையைக் காட்டி, கோடிக்கணக்கான பயணங்களில் 163 பேர்தானே என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் 2022 மே 1. மும்பையிலிருந்து மேற்கு வங்கத்தின் துர்காபூருக்குப் போன ஸ்பைஸ்ஜெட் போயிங் 737, இறங்கும் நேரத்தில் கடும் கொந்தளிப்பில் மாட்டியது. 14 பயணிகளுக்கும் 3 பணியாளர்களுக்கும் அடிபட்டது: தலை, முதுகெலும்பு, தோள், முகம். பயணி ஒருவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். இதில் என்னை உறுத்துவது அந்த 3 என்ற எண். விமானத்தில் கேபின் க்ரூ மொத்தமே நான்கு பேர். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டுத்தான் எங்களை ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்கு எதற்கென்றால், தீப்பிடித்தால் கதவைத் திறந்து சறுக்குப் பாதையை விரித்து எல்லோரையும் வெளியேற்றுவதற்கு. நான்கில் மூன்று பேர் அடிபட்டுக் கிடந்தால், தரையில் வேறு ஏதாவது நடந்திருந்தால் கதவுகளை யார் திறந்திருப்பார்கள்? பணியாளரின் உடம்பு பத்திரமாக இருப்பது பயணிகளின் பாதுகாப்பும்தான். நிறுவனங்களிடம் நான் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை என்று கேட்பீர்கள். விமானத்தின் ரேடார் பார்ப்பது நீர்த்துளிகளை. மழை மேகம் தெரியும். மேகமே இல்லாத தெளிந்த வானில், மிக உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் ஓரங்களில் வரும் கொந்தளிப்பில் துளியே கிடையாது, ரேடாரில் எதுவும் தெரியாது. இடிமேகத்தின் உச்சியிலும் சிக்கல் உண்டு. அங்கே துளிகள் பனிப்படிகங்களாக உறைந்துவிடுவதால் ரேடாருக்கு மங்கலாகத்தான் தெரியும். பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலே மேகங்கள் நிமிடத்துக்கு நிமிடம் மேலே வளரும். சென்னை–சிங்கப்பூர் வழியில் பறந்தவர்களுக்கு அந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். நிலைமை குறையப் போவதும் இல்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, வட அட்லாண்டிக் வான்வழியில் தெளிந்த வானக் கடும் கொந்தளிப்பு நிலவும் நேரம் 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருக்கிறது. வானம் சூடாவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்கிறார்கள்.

காற்றை மாற்ற முடியாது. நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியும். எனக்கு நம்பிக்கை தருவது கடந்த சில வருடங்களில் இதில் வந்திருக்கும் மாற்றம். எஸ்கியூ 321-க்குப் பிறகு சில நாட்களிலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விதியை மாற்றியது: சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் சூடான பானம் மட்டும் இல்லை, சாப்பாடு பரிமாறுவதும் நிற்கும். கொரியன் ஏர், தரையிறங்குவதற்கு 40 நிமிடம் முன்பே கேபின் வேலையை முடித்துவிட வேண்டும் என்று 2024-இல் கொண்டுவந்தது. சாதாரண வகுப்பில் கப் நூடுல்ஸ் கொடுப்பதையும் நிறுத்தியது. கொதிநீர் நிரம்பிய கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஆடும் நடைபாதையில் போவது எப்படி இருக்கும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 2024 டிசம்பரிலிருந்து, 10,000 அடிக்கு இறங்கும்வரை காத்திருக்காமல் 18,000 அடியிலேயே பணியாளர்களைத் தரையிறங்கத் தயாராகச் சொல்லிவிட்டது. இறங்கும் வேளையில்தான் நாங்கள் கோப்பைகளை வாங்கிக்கொண்டு, பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு, தலைக்கு மேலே உள்ள பெட்டிகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று நடப்போம். விமானம் மேகங்களுக்குள் நுழைவதும் அந்த வேளையில்தான்.

என் தோளுக்கு அடிபட்டதும் அப்படி ஒரு இறக்கத்தில்தான். ஜூலை மாதம், கொல்கத்தா. விளக்கு எரிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பின் வரிசையில் ஒரு பெரியவர் இன்னும் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. அவர் கோப்பையை வாங்கிவிட்டு உட்காரலாம் என்று நின்றேன். தரை கீழே போனது தெரிந்தது. மேலே போனது நினைவில் இல்லை. விழும்போது இடது கையை ஊன்றியிருக்கிறேன். எழுந்து, சிரித்து, "ஒன்றும் இல்லை சார்" என்று அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டு என் இருக்கைக்குப் போய் பெல்ட்டைப் போட்டேன். அடுத்த பயணத்தையும் முடித்தேன். எந்தப் படிவமும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்துக் கையைத் தூக்கவே முடியாமல் போனபோது, நான் வேலைபார்த்த நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி, அன்றைய ரிப்போர்ட் எங்கே என்பது. இல்லை. அதனால் அது வேலையில் பட்ட அடி என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. சிகிச்சைச் செலவு என் கையிலிருந்து போனது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இருந்த கோபத்தைவிட, அன்றைக்கு ஒரு பக்கம் எழுதாமல் விட்ட என் மேல் எனக்கு அதிகக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் அதுவும் சரியில்லை. அடிபட்டதைச் சொன்னால் பலவீனமாகத் தெரியும் என்று இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தயக்கத்துக்குச் சம்பளமும் ஒரு காரணம். உங்கள் மகளின் ஆர்டரைப் படித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் தனியாகவும், பறக்கும் மணி நேரத்துக்குக் கொடுக்கும் படி தனியாகவும் இருக்கும். கையில் வரும் தொகையில் படிதான் பெரும்பங்கு. அடிபட்டுத் தரையில் உட்கார்ந்தால் பறக்கும் மணி இல்லை, படியும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் பணத்தை நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையே ஒரு ஆபத்து. தூக்கம் வரவைக்கும் எதையும் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது.

சரி, டர்புலன்ஸ் இல்லாத நாட்களுக்கு வருகிறேன். நேராகப் பறக்கும்போதும் விமானத்தின் மூக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே தூக்கியிருக்கும். பயணிக்கு அது தெரியாது. டிராலியைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளும் பெண்ணுக்கு அது ஏற்றம். ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்கும் உள்நாட்டுப் பணி அட்டவணையில், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே சேவையைத் தொடங்கினால்தான் முடிக்க முடியும். அப்போது ஏற்றம் இன்னும் செங்குத்து. முதுகு போவது இப்படித்தான், ஒரே நாளில் இல்லை. அடுத்தது பைகள். கைப்பைக்கு ஏழு கிலோ என்று விதி இருந்தாலும் வருவது பன்னிரண்டு, பதினைந்து. தலைக்கு மேலே கையை நீட்டி அதைத் தூக்குவது தோள் மூட்டுக்கு மிக மோசமான கோணம். பயணியின் பையைத் தூக்கி வைப்பது பணியாளரின் கடமை இல்லை என்றுதான் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். பயணி தூக்கட்டும், நீ வழிகாட்டு. ஆனால் தாத்தா பாட்டிகளைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனசு கேட்காது. உங்கள் மகளும் தூக்குவாள். குறைந்தபட்சம் இரண்டு பேராகத் தூக்கச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து எடுக்கும் தட்டு, கொதிநீர்க் குழாய், இவற்றால் வரும் தீக்காயத் தழும்பு இல்லாத முன்கையை இந்த வேலையில் நான் பார்த்தது குறைவு.

விமானம் நிற்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2018 அக்டோபர் 15, மும்பை விமான நிலையம். டெல்லிக்குக் கிளம்பத் தயாராக இருந்த ஏர் இந்தியா போயிங் 777-இன் கதவை மூடும்போது பணிப்பெண் ஒருவர் கீழே தரையில் விழுந்து படுகாயமடைந்தார். அந்த விமானத்தின் கதவு தரையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உயரம். ஏணியையோ உணவு வண்டியையோ நகர்த்திவிட்டபின் கதவு திறந்தே இருந்தால் அது மாடி விளிம்பில் நிற்பதற்குச் சமம். ஒரு கையால் உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்காமல் கதவின் பக்கம் உடம்பைச் சாய்க்கவே கூடாது. வெளியே பார்க்காமல் பின்னால் கால் வைப்பது அதைவிட மோசம். பயிற்சியில் இதை நூறு முறை செய்ய வைப்போம்.

பயணிகளிடம் அடிவாங்குவதும் உண்டு. 2021-இல் அமெரிக்காவில் மட்டும் பயணிகளின் முறைகேடு பற்றி ஏறத்தாழ 6,000 புகார்கள் பதிவாயின, பெரும்பாலும் முகக்கவசச் சண்டைகள். அந்த வருடம் மே மாதம் கலிஃபோர்னியாவில், பெல்ட் போடச் சொன்ன பணிப்பெண் ஒருவரைப் பயணி முகத்தில் குத்தி மூன்று பற்களை உடைத்தார். குத்திய பெண்ணுக்கு நீதிமன்றம் 15 மாதச் சிறை கொடுத்தது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி வாயால் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் வரை, தொட்டாலோ அடித்தாலோ ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து வரவைத்தால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ பறக்கத் தடை. தொடுவது இரண்டாவது படியில் வருகிறது என்பதை உங்கள் மகள் மனதில் வைக்கட்டும். இடுப்பில் தெரியாமல் கை பட்டதாகச் சொல்பவர்கள் நிறைய வருவார்கள். பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, எழுதிக் கொடுக்க வேண்டும், மூத்தவர் மூலம் கேப்டனுக்குச் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் விண்வெளிக் கதிர்வீச்சு அதிகம். நீண்ட தூரம் பறப்பவர்களுக்கு வருடத்துக்கு 2 முதல் 5 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை சேரும். இது கதிர்வீச்சு சார்ந்த வேலைகளுக்கான வரம்பான 20-க்கு நன்றாகக் கீழே. ஆனால் கர்ப்பம் தெரிந்த உடனே நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018-இல் அமெரிக்கப் பணியாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில் மார்பகப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் பொது மக்களைவிட அதிகமாகத் தெரிந்தன. இதற்குக் கதிர்வீச்சா, இரவுத் தூக்கம் கெடுவதா, வேறு ஏதாவதா என்பது பிரித்துச் சொல்லப்படவில்லை. நாற்பதுக்குப் பிறகு பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான். பவர் பேங்க் தீப்பிடித்தால் அணைப்பது எங்கள் வேலை. 2025 ஜனவரியில் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தபின் பயிற்சியில் இதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறோம்.

தூக்கம் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூட. களைத்துப் போன கால்கள் ஆடும் தரையில் நிற்காது. அமெரிக்காவில் இரண்டு பணிநேரத்துக்கு இடையில் கேபின் க்ரூவுக்கு 9 மணி நேர ஓய்வு என்று இருந்ததை 10 ஆக்கவே 2022 அக்டோபர் வரை ஆயிற்று. சட்டம் 2018-லேயே அப்படி எழுதியிருந்தது. ஓய்வு என்றால் அதில் ஹோட்டலுக்குப் போகும் நேரம், குளிப்பது, சாப்பிடுவது, மறுநாள் புடவையோ யூனிஃபார்மோ கட்டிக் கிளம்புவது எல்லாம் அடக்கம். மிஞ்சுவது ஆறு மணி நேரத் தூக்கம்.

இழப்பீடு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேசப் பயணத்தில் காயமடைந்த பயணிக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே ஒரு தொகை வரை கேட்கலாம். அதே குலுக்கலில் அதே வரிசையில் அடிபட்ட பணியாளருக்கு அது பொருந்தாது. அவர் தொழிலாளர் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவில் 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விமானப் பணியாளர்களும் பிற்பாடு சேர்க்கப்பட்டார்கள். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது, வேலையின்போது வேலையால்தான் அடிபட்டது என்பதற்கான ஆதாரம். என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.

ஆகவே, போகச் சொல்லலாமா என்றால், போகச் சொல்லுங்கள். நான் இன்னொரு முறை இருபத்தொரு வயதில் இருந்தாலும் போவேன். ஆனால் சேருவதற்கு முன் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே பறக்கும் யாரிடமாவது, மனிதவளப் பிரிவில் இல்லை, பறக்கும் ஆளிடம், ஒரு விஷயத்தைக் கேட்கச் சொல்லுங்கள்: விமானம் ஆட ஆரம்பித்தால், கேப்டன் சொல்வதற்கு முன்பே மூத்த பணியாளர் தானாகச் சேவையை நிறுத்தி எல்லோரையும் உட்காரச் சொல்ல முடியுமா? நிறுத்தியதற்காக, அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காத பயணி புகார் எழுதினால், நிறுவனம் யார் பக்கம் நிற்கும்? அதற்கு வரும் பதிலில் அந்த நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துவிடும். காயத்தால் தரையில் இருக்கும் மாதங்களில் படியில் பாதியாவது தருவார்களா என்பதையும் கேட்கட்டும்.

சேர்ந்த பிறகு அவள் செய்ய வேண்டியது: விரலில் சூடு பட்டாலும், முதுகு பிடித்தாலும் அன்றைய தேதியில், விமான எண்ணோடு, யார் பார்த்தார்கள் என்பதோடு எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும், ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் பறக்கக் கூடாது. இறங்கும்போது செவிப்பறை கிழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லீவு எடுக்க முதல் வருடம் பயமாக இருக்கும். "எடு" என்று வீட்டிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எடுப்பாள்.

உங்கள் மனைவியை ஒரு முறை அவளோடு விமானத்தில் அழைத்துப் போங்கள், ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். பெல்ட் இல்லாத பயணி கூரையில் மோதித் திரும்பி விழும்போது, நடைபாதையில் நிற்கும் பெண்ணின் மேலும் விழலாம்.